வண்டியைக் கடைசியில் வாங்குங்கள்

கேள்வி: ஒன்பது வருடம் ஓட்டல் அடுக்களையில் வேலை பார்த்துவிட்டேன். இப்போது தம்பியோடு சேர்ந்து சொந்தமாக ஓர் உணவு வண்டி போடலாம் என்றிருக்கிறேன். பதினொரு அயிட்டம் யோசித்து வைத்திருக்கிறோம். மதியம் ஓரிடம், சாயங்காலம் வேறிடம் என்று நிறுத்த எண்ணம். பழைய சரக்கு வேன் ஒன்று பார்த்தோம். உள்ளே நீளம் 3.6 மீட்டர், அகலம் 1.75 மீட்டர். சுமையோடு மொத்த எடை 2,800 கிலோ வரை போகலாம், வெறும் வண்டி 1,650 கிலோ என்று பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. இந்த வாரத்துக்குள் முன்பணம் தராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்கிறார் விற்பவர். வேனே வேண்டாம், ட்ரெய்லர்தான் நல்லது என்கிறான் தம்பி. பொரிக்கும் சட்டி இரண்டு, தட்டைக் கல், இண்டக்ஷன் அடுப்பு, ஃபிரிட்ஜ், ஃப்ரீசர் எல்லாம் வைத்து நானே வரைந்த படத்தை இணைத்திருக்கிறேன். சமையலை கேஸில் வைத்துக்கொள்வதா, கரண்டிலா? ஜெனரேட்டரைக் கூரைமேல் ஏற்றிவிடலாமா? வண்டிக்கு என்ன நிறம் அடிக்கலாம்?
ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த முன்பணத்தை இந்த வாரம் கொடுக்காதீர்கள். அடுத்த வாரமும் வேண்டாம். வேன் கைநழுவிப் போனால் போகட்டும், இன்னொன்று வரும். வண்டிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்து எனக்கு இருபது வருடத்துக்கு மேலாகிறது. சமையலறை வண்டி கேட்டு வருகிறவர்களில் பலர் வண்டியை ஓட்டிக்கொண்டேதான் வந்து இறங்குவார்கள். 'வண்டி வாங்கியாச்சு, உள்ளே அடுக்களை மட்டும் வைத்துக் கொடுங்கள்' என்பார்கள். சட்டையைத் தைத்து முடித்துவிட்டு அதற்கேற்ற ஆளைத் தேடுகிற கதை அது.

என்ன சமைக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அடுப்பும் சட்டியும் எத்தனை என்பது அதிலிருந்து வரும். கேஸ், கரண்ட், தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்பது அடுப்பிலிருந்து வரும். எல்லாம் சேர்ந்து எடை. எடை தெரிந்த பிறகு வண்டி தேடினால், எதைத் தேடுகிறோம் என்றாவது தெரிந்திருக்கும்.

உங்கள் படத்தைப் பார்த்தேன். கை சுத்தமாக வந்திருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் 60 செ.மீ. மேடை போட்டிருக்கிறீர்கள். 1.75 மீட்டர் என்பது வெறும் தகரத்துக்குத் தகரம் எடுத்த அளவு. சுவருக்குள் வெப்பம் தடுக்கும் அடுக்கும், அதன்மேல் உள் தகடும் வைத்தால் பக்கத்துக்கு 4, 5 செ.மீ. போய்விடும். மேடைகள் 1.20 மீட்டரைத் தின்றுவிட்டால் நடுவில் மிஞ்சுவது 45 செ.மீ. தம்பி கொதிக்கும் எண்ணெயிலிருந்து கூடையைத் தூக்கித் திரும்பும் நேரத்தில் நீங்கள் குனிந்து ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துகொண்டிருப்பீர்கள். அந்தக் கதவே நடைபாதையை முழுக்க அடைத்துவிடும். இரண்டு பேர் முதுகுக்கு முதுகு நின்று வேலை செய்ய 90 செ.மீ.யாவது வேண்டும். அப்படியானால் இரண்டு பக்க மேடைக்கு உள் அகலம் 2.1 மீட்டர். இந்த வேனில் அதற்கு வழியில்லை. ஒரு பக்கம் மட்டும் 65 செ.மீ.க்கு அடுப்பு வரிசை, ஜன்னல் பக்கம் 25 செ.மீ. பலகை என்று வைத்தால் நடுவில் சுமார் 75 செ.மீ. கிடைக்கும். ஒருவர் உடம்பை ஒருக்களித்தால் மற்றவர் கடக்கலாம். அடுப்புகளின் அளவைப் பார்க்கும்போது பின்னால் கேஸ் குழாய்க்கும் கைக்கும் 8, 10 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். விலைப்பட்டியலில் போட்டிருக்கும் அளவில் அது இருக்காது.

இனி ஒரு வேலை சொல்கிறேன், சலிக்காமல் செய்யுங்கள். மொட்டை மாடியிலோ காலியான அறையிலோ வண்டியின் உட்புறத்தை உண்மை அளவில் சாக்பீஸால் தரையில் வரையுங்கள். மேடைக்குப் பதில் அட்டைப் பெட்டிகளை 85 முதல் 90 செ.மீ. உயரத்துக்கு அடுக்குங்கள். கதவு திறக்கும் தூரத்தையும் கோடு போடுங்கள். பிறகு வீட்டில் யாரையாவது ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி, நீங்களும் தம்பியும் இருபது ஆர்டரை வெறும் பாத்திரங்களோடு நடித்துப் பாருங்கள். கைப்பேசியில் நேரம் ஓடட்டும். எந்த அயிட்டம் வரும்போதெல்லாம் இருவரும் இடம் மாற வேண்டியிருக்கிறதோ, அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ருசி எப்படி இருந்தாலும் சரி. ஓட்டல் அடுக்களையில் நாலு அடி எடுத்து வைத்துச் செய்த வேலையை இங்கே இடுப்பைத் திருப்பிச் செய்து முடிக்க வேண்டும்.

இதைப் புதிதாக நான் கண்டுபிடிக்கவில்லை. 1866-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் மாடுகளை நெடுந்தூரம் ஓட்டிச் சென்ற சார்லஸ் குட்நைட் என்பவர், பழைய ராணுவ வண்டி ஒன்றைச் சமையல் வண்டியாக மாற்றினார். பின்பக்கம் அறை அறையாகத் தடுத்த பெட்டி. அதன் மூடியைக் கீழே சாய்த்துக் காலை விரித்து நிறுத்தினால் அதுவே வேலை மேடை. சமையல்காரர் நின்ற இடத்தில் நின்றபடி எல்லாவற்றையும் எட்டி எடுப்பார். இன்றைக்கு எவ்வளவு எவர்சில்வர் அடித்தாலும் பரீட்சை அதேதான்: நின்ற இடத்திலிருந்து கைக்கு எட்டுகிறதா?

கூடவே ஒரு சின்னக் கணக்கும் போடுங்கள். ஒரு பொரிக்கும் கூடையில் ஒரு தடவைக்கு 4 பேருக்கு வரும், 5 நிமிடம் ஆகும் என்றால் மணிக்கு 48 பேர். இரண்டு கூடை என்றால் 96. ஆனால் ஜன்னலில் ஆர்டர் கேட்டு, காசு வாங்கி, சில்லறை கொடுக்க ஆளுக்கு 45 வினாடி பிடித்தால் மணிக்கு 80 பேரைத்தான் பார்க்க முடியும். அப்போது இரண்டாவது சட்டி மூன்றில் ஒரு பங்கு நேரம் சும்மா நிற்கிறது. ஆர்டர் வாங்க ஒரு மூலை, பொட்டலம் கொடுக்க இன்னொரு மூலை என்று ஜன்னலை நீட்டினால் அதிகம் விற்கும்.

ஜன்னல் உயரத்தில் ஏமாறாதவர்கள் குறைவு. வேனின் தரை நிலத்திலிருந்து 60 முதல் 90 செ.மீ. உயரத்தில் இருக்கும். உள்ளே நிற்கிற உங்களுக்கு 90 செ.மீ. மேடை சௌகரியம்தான். வெளியே நிற்பவருக்கு அது 1.5 முதல் 1.8 மீட்டர், அதாவது மூக்குக்கு நேரே, சில நேரம் தலைக்கு மேலே. சூடான தட்டை அண்ணாந்து வாங்குவார்கள். வெளிப்பக்கம் மடக்கும் பலகை ஒன்றை நிலத்திலிருந்து 1 மீட்டர் சுமாருக்கு இறக்கி வையுங்கள். உள்ளே ஜன்னல் ஓரத்தையும் மேடையைவிடத் தாழ்த்த வேண்டும். ஜன்னல் எப்போதும் சாலையோர நடைபாதைப் பக்கம்தான் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் சாலைக்கு முதுகைக் காட்டி நிற்கக் கூடாது.

இப்போது எடை. விற்பவர் 'எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும்' என்று சொல்லியிருப்பார், அவர் வாய்க்கு என்ன. உங்கள் வேனில் 2,800-லிருந்து 1,650 போக, ஏற்றக்கூடியது 1,150 கிலோ. உங்கள் படத்தில் இருப்பதை நான் அனுபவத்தில் மதிப்பிட்டுக் கூட்டினேன். சட்டகம், உள் தகடு, தரை, மேடைகள், ஜன்னல் எல்லாம் 400 கிலோ. அடுப்பு, சட்டிகள், ஃபிரிட்ஜ், ஃப்ரீசர், புகைக்கூண்டு சேர்ந்து 260. ஜெனரேட்டர் 90. நிரம்பிய பெரிய சிலிண்டர் இரண்டு 70. தண்ணீர் 120 லிட்டர், அதாவது 120 கிலோ, தொட்டிகள் 20. சரக்கு, எண்ணெய், பொட்டலத் தாள் 120. நீங்களும் தம்பியும் 140. கூட்டினால் 1,220. இன்னும் ஒரு பெயர்ப்பலகைகூட மாட்டவில்லை, அதற்குள் 70 கிலோ கூடுதல். பிரேக் பிடிக்கிற தூரமும் டயரும் ஸ்பிரிங்கும் அந்தக் கூடுதலை ஒவ்வொரு நாளும் உங்களிடம் வசூலிக்கும். விபத்து என்று ஒன்று நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது இதைத்தான்.

எந்த வண்டியானாலும் வாங்கும் முன் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். புத்தகத்தில் 1,650 என்று இருக்கும், முந்தைய சொந்தக்காரர் உள்ளே இரும்பு அலமாரி அடித்திருப்பார். முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஓர் எடை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஓர் எடை எடுங்கள். மொத்தம் சரியாக இருந்து பின் ஆக்சில் மட்டும் திணறுகிற வண்டிகள் நிறைய. பாடி பாதி முடிந்ததும் ஒருமுறை, முழுக்க முடிந்ததும் ஒருமுறை மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். அடுப்பு வரிசை ஒரு பக்கமாகச் சாய்வதால் தண்ணீர்த் தொட்டியையும் சரக்கையும் எதிர்ப்பக்கம் வைத்துச் சமன் செய்ய வேண்டியிருக்கும்.

தம்பியின் ட்ரெய்லர் யோசனையை நான் தள்ளவில்லை. ட்ரெய்லருக்குத் தரை தாழ்வு, இடம் தாராளம், இன்ஜின் பழுதானால் இழுக்கிற வண்டிதான் பட்டறைக்குப் போகும், கடை நிற்காது. நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். நீங்கள் மதியம் ஓரிடம், மாலை ஓரிடம் என்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் பூட்டி, இழுத்து, பின்னால் எடுத்து, முளை இறக்கி, மட்டம் பார்த்து நிறுத்த அரை மணி நேரம் போகும். அதோடு இழுக்கிற வண்டியும் உங்களிடம் இல்லை.

ட்ரெய்லரே என்று முடிவானால் இதை மட்டும் மறக்காதீர்கள். பந்துக் கொக்கியில் மாட்டும் ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்னால் கொக்கியின்மேல் அழுந்த வேண்டும். அதற்குக் குறைந்தால் ட்ரெய்லர் நாய் வாலைப் போல ஆடும். ஒருவர் என்னிடம் வந்து, காலையில் சமத்தாக வருகிற ட்ரெய்லர் ராத்திரி திரும்பும்போது மட்டும் ஆடுகிறது என்றார். வேறெங்கோ கட்டியது. டயரைப் பார்த்தோம், கொக்கியைப் பார்த்தோம், ஒன்றும் புரியவில்லை. கடைசியில் குனிந்து அடியில் பார்த்தபோதுதான் தெரிந்தது. நல்ல தண்ணீர்த் தொட்டி ஆக்சிலுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால், கழிவு நீர்த் தொட்டி ஒன்றரை மீட்டர் பின்னால். 1,400 கிலோ ட்ரெய்லர், கொக்கி ஆக்சிலிலிருந்து 4 மீட்டர். காலையில் கொக்கியின்மேல் 150 கிலோ. பகலெல்லாம் 120 லிட்டரும் முன்தொட்டியிலிருந்து குழாய் வழியாகப் பின்தொட்டிக்கு இடம் மாறுகிறது. முன்னால் 45 கிலோ குறைகிறது, பின்னால் சேர்ந்தது இன்னொரு 45-ஐத் தூக்கிவிடுகிறது. மிச்சம் 60 கிலோ, 4 சதவீதம்தான். தண்ணீர் தீரவில்லை, இடம்தான் மாறியது. இரண்டு தொட்டியையும் ஆக்சிலுக்கு மேலேயே பக்கம் பக்கமாக வைத்த பிறகு ஆட்டம் நின்றது. வேனுக்கும் தொட்டிகளுக்கு அதுவே இடம். உள்ளே தடுப்புத் தகடு இருக்கும் தொட்டியாகக் கேளுங்கள். பாதி நிரம்பிய தண்ணீர் வளைவுகளில் ஒரு பக்கமாக மோதும்.

கழிவு நீர்த் தொட்டி நல்ல தண்ணீர்த் தொட்டியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அமெரிக்க உணவு விதித் தொகுப்பு 15 சதவீதம் கூடுதல் என்கிறது, எங்கே கட்டினாலும் அது நல்ல கணக்கு. 120 லிட்டருக்கு 138, நீங்கள் 140 வையுங்கள். கை கழுவ ஒரு தொட்டி தனியாகவும் பாத்திரத்துக்கு வேறாகவும் இருக்கட்டும். பாத்திரத் தொட்டிக்குக் கீழே எண்ணெய் பிரிக்கும் பெட்டி வைக்காவிட்டால் மூன்று மாதத்தில் கழிவுக் குழாய் அடைத்துக்கொள்ளும்.

கேஸா கரண்டா? எல்லாவற்றையும் கரண்டில் வைத்துக் கூட்டுகிறேன். பொரிக்கும் சட்டி ஒன்றுக்கு 3 கிலோவாட், இரண்டுக்கு 6. இண்டக்ஷன் 2. வெந்நீர் 1.5. ஃபிரிட்ஜ், ஃப்ரீசர் சேர்ந்து 0.9. புகை இழுக்கும் விசிறி 0.4, விளக்கும் பம்பும் இன்னொரு 0.4. கல்லைச் சேர்க்காமலேயே 11.2 கிலோவாட். 230 வோல்ட்டில் அது 49 ஆம்பியர். சாதாரண 16 ஆம்பியர் பிளக் தருவது 3.7 கிலோவாட்தான். இதற்கு ஜெனரேட்டர் வாங்கினால் சத்தத்திலும் எடையிலும் அதுவே தனி வண்டி. அதனால் சூடு கேஸில், குளிரும் காற்றும் வெளிச்சமும் கரண்டில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இண்டக்ஷனையும் மின்சாரச் சட்டிகளையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது 3.2 கிலோவாட். வெந்நீரைக் கிளம்பும் முன் வீட்டுக் கரண்டில் சுடவைத்துக்கொண்டால் 1.7. கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப்போல் மூன்று நான்கு மடங்கு இழுக்கும் என்பதால், ஃபிரிட்ஜும் ஃப்ரீசரும் ஒரே நேரத்தில் கிளம்பினாலும் மூச்சுத் திணறாத ஜெனரேட்டராகப் பாருங்கள். அதன் திறனில் முக்கால் பங்குக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள்.

கேஸ் பக்கம் இரண்டு சட்டியும் ஒரு கல்லும் சேர்ந்து 23 கிலோவாட் என்று வைப்போம். ஒரு கிலோ எல்.பி.ஜி. தருவது ஏறக்குறைய 12.8 கிலோவாட் மணி. எல்லாம் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு 1.8 கிலோ. திரவம் அவ்வளவு வேகமாக ஆவியாகும்போது சிலிண்டரின் வெளிப்புறம் பனி பூத்து, அழுத்தம் இறங்கி, கூட்டம் நிற்கிற நேரம் பார்த்து அடுப்பு மங்கும். சிலிண்டரில் கேஸ் இருக்கும், வராது. இரண்டு சிலிண்டரையும் ஒன்றாக இணைத்து இழுத்தால் அந்தத் தொல்லை குறையும்.

எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு வரை கனம். கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் பரவிப் பள்ளத்தில் தேங்கும். சிலிண்டர் அறை வண்டியின் உட்புறத்தோடு எந்த வழியிலும் சேராமல், கதவு வெளிப்பக்கம் திறந்து, அடித்தட்டில் ஓட்டைகளோடு இருக்க வேண்டும். அந்த ஓட்டைகளின் நேர்கீழே ஜெனரேட்டரோ சைலன்சரோ இருக்கக் கூடாது. வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும். மூட்டுகளைச் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், தீக்குச்சியால் அல்ல. 2014 ஜூலையில் பிலடெல்ஃபியாவில் தெருவில் நின்றிருந்த உணவு வண்டி ஒன்றில் கேஸ் கசிந்து வெடித்து, உள்ளே வேலை செய்த தாயும் மகளும் பின்னர் இறந்துபோனார்கள். கேஸ் வேலையை அதற்கென்று உரிமம் வைத்திருப்பவரிடம் மட்டுமே கொடுங்கள். எங்கள் பட்டறையில்கூட நாங்கள் தொடுவதில்லை.

ஜெனரேட்டர் கூரைமேலா? வேண்டாம். 90 கிலோவை இரண்டரை மீட்டர் உயரத்தில் வைத்துக்கொண்டு வளைவு திரும்புவீர்கள். எரிபொருள் கேனோடு ஏணி ஏறுவீர்கள். அதிர்வில் கூரையின் ரிவெட்டு ஒவ்வொன்றாகத் தளரும், மழை உள்ளே வரும். பின்னால் தாழ்வான மேடையில், சுற்றிலும் காற்றோட்டத்தோடு வையுங்கள். புகைக்குழாய் விற்பனை ஜன்னலுக்கும் காற்று உள்ளே வரும் வழிக்கும் எதிர்ப்பக்கம் போகட்டும். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. அதற்கான அலாரம் ஒன்றும், கேஸ் கசிவு அலாரம் ஒன்றும் வாங்கிவிடுங்கள். கேஸ் அலாரத்தைத் தரையோரம் மாட்டுங்கள்.

புகைக்கூண்டில் பலர் பெரிய விசிறியாகப் பார்த்து வாங்கிவிட்டு, வெளியே தள்ளுகிற காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்து வரும் என்று யோசிப்பதில்லை. வழி வைக்காவிட்டால் விசிறி ஜன்னல் வழியாகத்தான் இழுக்கும். தெருத் தூசியும் உங்கள் ஜெனரேட்டர் புகையும் நேராக உணவின்மேல் வரும், அடுப்புச் சுடர் சாயும். எதிர்ச்சுவரில் வடிகட்டியோடு காற்று வழி வையுங்கள். கூண்டு அடுப்பின் ஓரங்களைத் தாண்டி 15 செ.மீ. நீண்டிருக்கட்டும். வடிகட்டி மடிப்புத் தகடு வகையாக இருக்க வேண்டும், கம்பி வலை தீயைத் தடுக்காது.

படத்தில் எண்ணெய்ச் சட்டியைக் கல்லின் சுடருக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறீர்கள். நடுவில் 40 செ.மீ. இடைவெளி வேண்டும், அல்லது 20 செ.மீ. உயரத்துக்கு எஃகுத் தடுப்பு வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் சட்டி இருக்கவே கூடாது, தீப்பிடித்தால் ஓடுகிற வழி அதுதானே. சமையல் எண்ணெய்த் தீக்கு ஈர ரசாயனத் தீயணைப்பான் தனியாக உண்டு. அது சூடான எண்ணெயோடு சேர்ந்து சோப்பு நுரையாகி மேலே மூடிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினால் ஒரு லிட்டர் தண்ணீர் நொடியில் ஏறக்குறைய 1,700 லிட்டர் ஆவியாகி எரிகிற எண்ணெயைக் கூரைவரை அள்ளி வீசும். தம்பிக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள், பதற்றத்தில் கை முதலில் தண்ணீரைத்தான் தேடும்.

வீட்டு வயரிங் செய்கிறவரை வண்டிக்குக் கூட்டி வந்தால் ஒற்றைக் கம்பி வயரை இழுப்பார். ஓடுகிற வண்டியின் அதிர்வில் அது உள்ளுக்குள் முறியும். பல இழை வயர்தான் போட வேண்டும். தண்ணீர்க் குழாயும் வளைகிற வகை, நட்டெல்லாம் கழன்றுவிடாத நைலான் பூட்டு நட்டு. மின்சாரம் கசிந்தால் உடனே கரண்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் கட்டாயம். ஆனால் ஜெனரேட்டரில் ஓடும்போதும் அது விழுகிறதா என்று எலக்ட்ரீஷியனை உங்கள் கண்முன் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். நியூட்ரல் கம்பியும் அதன் உலோக உடலும் இணைக்கப்படாத ஜெனரேட்டரில் அது சும்மா பொம்மையாக இருந்துவிடலாம்.

உள் தகடுக்கு 304 ரக எவர்சில்வர், அடுப்புக்குப் பின்னால் கல்நார் இல்லாத கனிமப் பஞ்சு. அந்த இடத்தில் தெர்மாகோல், ஃபோம் எதையும் அனுமதிக்காதீர்கள். தரைக்குப் பிளைவுட் என்றால் விளிம்புகளை அடைத்து, சுவரோடு சேரும் இடத்தில் வளைவாக மேலே ஏற்றச் சொல்லுங்கள். கூட்டிக் கழுவுகிற தண்ணீர் மூலையில்தான் மரத்தைத் தின்னும். அலுமினியத்தை வெறும் இரும்போடு நேரடியாக முறுக்கினால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும், நடுவில் ரப்பரோ பெயின்ட்டோ வேண்டும்.

ஃபிரிட்ஜின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் காலநிலை வகை என்று ஓர் எழுத்து இருக்கும். 'என்' (N) என்றால் சுற்றுவெப்பம் 32 டிகிரி வரைக்கும்தான், 'டி' (T) என்றால் 43 வரை. அடுப்பு எரிகிற தகரப் பெட்டிக்குள் 'என்' வகை ஃபிரிட்ஜ் ஓயாமல் ஓடியும் குளிர்ந்திருக்காது. உணவு 5 டிகிரிக்குக் கீழோ 60-க்கு மேலோ இருக்க வேண்டும், நடுவில் இருந்தால் கிருமிக்கு விருந்து.

வண்டியின் தகரத்தை வெட்டுவதற்கு முன் படத்தை எடுத்துக்கொண்டு வாகனப் பதிவு, உணவுப் பாதுகாப்பு, தீயணைப்பு ஆகிய மூன்று அலுவலகத்துக்கும் போய்வாருங்கள். விதி இடத்துக்கு இடம் மாறும். வாயால் சொன்னதை எழுதி வாங்குங்கள். கட்டி முடித்த பிறகு ஜன்னலை 20 செ.மீ. நகர்த்தச் சொன்னால் சுவரையே மாற்ற வேண்டிவரும்.

பட்டறையோடு பேசும்போது எந்த நிலையில் எவ்வளவு பணம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சட்டகம் முடிந்ததும் ஒன்று, எடைமேடைச் சீட்டைப் பார்த்த பிறகு ஒன்று, கேஸ் அழுத்தச் சோதனைக்குப் பிறகு ஒன்று. தகடு மூடும் முன் வயரும் குழாயும் போன வழியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு எங்கே துளை போடுவது என்று அதுதான் சொல்லும். கடைசித் தவணையை, எல்லா அடுப்பும் விளக்கும் ஃபிரிட்ஜும் ஒன்றாக இரண்டு மணி நேரம் ஓடிய பிறகே கொடுங்கள். அந்த நேரம் நீங்களும் உள்ளே நில்லுங்கள், தலை உயரத்தில் ஒரு வெப்பமானி தொங்கட்டும். மேலே பத்து நிமிடம் ஹோஸ் பிடித்துப் பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். என்னைப் போன்ற பட்டறைக்காரர்கள் இதற்கெல்லாம் முணுமுணுப்போம். முணுமுணுக்கட்டும். கையிலுள்ள பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை இதற்குள் கொண்டுவராமல் தனியே வையுங்கள், முதல் மாதத்தில் ஏதாவது ஒன்று உடையும்.

சரி, அந்த வேன். பதினொன்றுக்கு அது போதாது. ஆறு அயிட்டமாகக் குறைத்து, ஒரு சட்டி, ஒரு கல், ஒரு ஃபிரிட்ஜ் மட்டும் வைத்து, ஃப்ரீசரையும் இண்டக்ஷனையும் விட்டுவிட்டால் கருவிகளில் 80 கிலோ குறையும். சின்ன ஜெனரேட்டர் போதுமானதாகி இன்னொரு 45 குறையும். மேல் அலமாரிகளை விட்டால் 50. மொத்தம் 1,045-க்கு வந்துவிடும், நூறு கிலோ கைவசம் இருக்கும். சாக்பீஸ் கோட்டுக்குள் இருபது ஆர்டரை நீங்கள் இருவரும் இடிக்காமல் முடித்து, சேஸிஸில் துரு இல்லை என்று ஒரு மெக்கானிக்கும் சொன்னால், வேன் இன்னும் அங்கே நின்றால், வாங்குங்கள்.

நிறம் கேட்டிருந்தீர்கள். கூரை வெள்ளை. வெயிலில் நிற்கிற தகரப் பெட்டிக்கு அதில் மட்டும் பேச்சே இல்லை. மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம், தம்பியையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.